காய்ந்த அறையின் ரேடியோ

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. தொழிற்சாலை முழுக்க அவள் ரேடியோ. வயதில் சின்னவர்களுக்கு ரேடியோ அக்கா. மேனேஜர் அம்மாவே ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி, "எங்கே ரேடியோ?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சென்றால் அப்படி இப்படிப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை வாராவாரம் பெஞ்சு மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார். எந்தப் பெஞ்சுக்குப் போனாளோ அந்தப் பெஞ்சும் சேர்ந்து பேச ஆரம்பித்ததுதான் மிச்சம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, லிஃப்ட் மெக்கானிக், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிற ஆள், அமைந்தான். "இவனுக்குக் காது இருக்கு, அவளுக்கு வாய் இருக்கு, வேற என்ன பொருத்தம் வேணும்?" என்று மாமியார் தாராளமாகச் சொன்னார். மாதம் ஒன்று ஆவதற்குள் அவரே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாட ஆரம்பித்துவிட்டார். அம்மா, டீச்சர், மாமியார், புருஷன் என்று அவளோடு வாழ்ந்த எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்ச நேரம் வாயை மூடேன்." அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மூக்கு கொஞ்சம் சப்பை, முடி கொஞ்சம் சுருட்டை, வாய் கொஞ்சம் நீளம். பிறவிக் குறை, என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

வேலைகளும் அப்படித்தான் போயின. துணிக்கடையில் இருந்தபோது வாடிக்கையாளர்கள் சுகமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திருப்தியாக எழுந்து போனார்கள். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் இருந்தபோது வரிசை தெருமுனை வரை போய் வளைந்தது. யாரும் திட்டவில்லை. எல்லா முதலாளிகளும் வருத்தத்தோடும் மரியாதையோடும்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைசியில்தான் அவள் இந்த ஸ்ட்ரிப் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தாள். சர்க்கரை நோய்க்காரர்கள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் செருகிப் பார்க்கிறார்களே, அந்த ஸ்ட்ரிப். விரல் நகத்தைவிட அகலம் குறைவு, தீக்குச்சியைவிட நீளம் குறைவு. அதில் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

"பார்க்கத்தான் பிளாஸ்டிக் துண்டு. அது மேல கரண்ட் ஓடுற மையால கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு மேல ஒரு மருந்தைச் சொட்டு விட்டுக் காய வெச்சிருப்போம். அந்த மருந்துக்கு உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு சர்க்கரைதான். ரத்தத்தை நுனியில காட்டினா தானா உறிஞ்சிக்கும். உள்ள போன சர்க்கரையும் மருந்தும் பார்த்துக்கும், உடனே துளியூண்டு கரண்ட் பிறக்கும். சர்க்கரை அதிகமா இருந்தா கரண்ட் அதிகம், கம்மின்னா கம்மி. மெஷின் அதை அளந்து நம்பரா காட்டிடும். இவ்வளவுதான் விஷயம்!"

இவ்வளவுதான் விஷயம் என்ற பிறகும் அரைமணி நேரம் பேசுவாள் என்பது வேறு விஷயம்.

அந்த மருந்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. ஈரம். காற்றில் கொஞ்சம் ஈரப்பதம் ஏறினாலும் மருந்து நேரம் கெட்ட நேரத்தில் விழித்துக்கொண்டு தன் சத்தை வீணாக்கிவிடும். அப்புறம் அந்த ஸ்ட்ரிப் சொல்லும் நம்பரை நம்ப முடியாது. அதனால்தான் ஸ்ட்ரிப்பை வெட்டி, புட்டியில் அடைத்து, மூடி போடுகிறவரை எல்லா வேலையும் ஒரே அறைக்குள் நடக்கும். ராட்சத மெஷின் ஒன்று இரவு பகலாக அந்த அறைக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஜன்னல் கிடையாது. வராந்தா பக்கம் மட்டும் ஒரு பெரிய தடித்த கண்ணாடி. உள்ளே இருப்பவர்களை வெளியிலிருந்து பார்க்கலாம், ஆனால் ஒரு சத்தம் கேட்காது. உள்ளே போக இரண்டு கதவு, நடுவில் அலமாரி அளவுக்கு ஓர் இடம். ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும். போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் துவைத்த புதுக் கோட்டு, தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

எல்லாரும் அதைக் காய்ந்த அறை என்றார்கள். காலையில் உள்ளே போனால் மதியத்துக்குள் உதடு வெடிக்கும், தோல் வெள்ளை பூக்கும். கையுறையைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். மனுஷன் என்கிறவன் மூச்சாலும் வியர்வையாலும் சதா ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிற பிராணி. ஆள் கூடினால் ஈரம் கூடும். ஈரம் அளவு தாண்டினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அலறும். அலறிவிட்டால் அந்த நேரத்தில் தட்டுகளில் திறந்து கிடக்கிற ஸ்ட்ரிப் அத்தனையும் குப்பைக்குத்தான்.

ரேடியோ அங்கே தட்டிலிருந்து ஸ்ட்ரிப்பைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, புட்டி அடைக்கும் மெஷினுக்குத் தள்ளுகிற வேலையில் இருந்தாள். கண்ணும் கையும் வேலையில் இருக்கும்; வாய்தான் சும்மா கிடந்தது. எதிரே வெட்டு மெஷினில் நிற்கிறவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். யாராவது பேச்சை இழுத்தால் ஒரே சொல்லில் வெட்டிவிடுகிறவள். பக்கத்தில் மூடி போடும் இடத்தில் சிரிப்புக்காரி. கண்ணாடி விழுந்து உடைந்தாலும் சிரிப்பாள். வெட்டு மெஷினுக்கு ஸ்ட்ரிப் சுருள் மாற்றுகிறவன் ஒரு நெட்டையன். இந்த மூன்று பேரும் வேலையை விட்டு அசைய முடியாதவர்கள். இடத்தை விட்டு நகராமல் கேட்கிற மூன்று பேர்! ரேடியோவுக்கு இதைவிட என்ன சொர்க்கம் வேண்டும்?

அவள் சொன்ன கதைகளில் பெரிய கதை அவளுடைய மாடிவீட்டுத் தம்பதியைப் பற்றியது. ஓய்வுபெற்ற சர்வேயரும் அவர் மனைவியும். என்றைக்கோ எதற்கோ சண்டை போட்டு, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எல்லாப் பேச்சும் அவர்கள் வளர்க்கிற நாய் மூலமாகத்தான். "டேய், உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறிப் போகுதுன்னு." "ஆறினா ஆறட்டும்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடு." நாய் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பும். இதை ரேடியோ மூன்று குரலில் சொல்வாள். மூன்றாவது குரல் நாயுடையது. தினம் காலை வேலை சூடு பிடித்த பிறகு ஆரம்பிப்பாள். சரியாக உச்சத்துக்குப் போகும்போது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும். கத்தரி அக்காகூட வெட்டு மெஷினை நிறுத்திவிட்டு, "மணி அடிச்சா என்ன, மிச்சத்தைச் சொல்லிட்டுப் போ" என்றாள் ஒருநாள்.

ஒருநாள் அந்த நாய் காணாமல் போய்விட்டது. கதவு திறந்து கிடந்திருக்கிறது, ஓடிவிட்டது. மாடிப்படியில் சர்வேயர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், இரண்டு பேருக்கும் "வா, தேடலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு நடுவில் நாய் இல்லை. அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. அப்புறம் முடிவை அவள் மறுநாள், மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அந்த வாரத்தில்தான் அலாரம் அலற ஆரம்பித்தது. முன்னேயும் எப்போதாவது முனகியதுதான். ஆனால் இப்போது தினமும், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், சொல்லி வைத்தாற்போல அலறியது. தட்டுத் தட்டாக ஸ்ட்ரிப் குப்பைக்குப் போயிற்று. ஈரம் பிழியும் மெஷினைப் பிரித்துப் பார்த்தார்கள், பழுது இல்லை. கதவு ரப்பரை மாற்றினார்கள். மேனேஜர் அம்மா காய்ந்த அறையின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கண்டிப்பாகப் பேசினார்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். எல்லாரும் அவரை மீட்டர் சார் என்பார்கள். ஈரப்பத மீட்டர் அறைக்குள் ஒன்று, வெளியே கதவோரம் ஒன்று, அவர் மேஜையில் ஒன்று என்று மூன்று இருந்தன; அவர் கண் எப்போதும் ஏதாவது ஒரு மீட்டரில்தான் இருக்கும். அவர் ராத்தூக்கம் கெட்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் ரேடியோவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா இருக்கிறவங்களைவிடப் பேசுறவங்க மூச்சுல ஈரம் அதிகம். நீங்க பேசுற நேரமும் அலாரம் அடிக்கிற நேரமும் ஒண்ணா இருக்கு."

"நான் வந்த நாள்லேருந்து பேசிட்டுத்தானே சார் இருக்கேன்?"

"இப்ப ரொம்ப உற்சாகமாப் பேசுறீங்களே! நாய் குரல் எல்லாம் வேற." சொன்னவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒரு வாரம் உள்ள ஒரு வார்த்தை பேசாம இருந்து பாருங்க. அப்பவும் அலாரம் அடிச்சா உங்க மேல தப்பில்ல. அடிக்கலைன்னா..."

"அடிக்கலைன்னா?"

"அட்டைப்பெட்டி செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி மேனேஜர் அம்மா உத்தரவு."

அட்டைப்பெட்டி செக்‌ஷன் இருப்பது அடுத்த கட்டடத்தில். அங்கே மடிப்பு மெஷின் போடுகிற சத்தத்தில் ஆளுக்கு ஆள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, மெஷினுக்கு ஒருவராக நிற்பார்கள். எட்டு மணி நேரமும் அட்டை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே அவள் கத்திக் கத்தி உயிரை விட்டாலும் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு ரேடியோவைக் கொண்டுபோய் வைப்பது என்றால், பிளக்கைப் பிடுங்குகிற மாதிரிதானே?

ஆனாலும் அவள் ரோஷக்காரி. என் மூச்சில் என்ன அப்படி வெள்ளமா ஓடுகிறது, பார்த்துவிடலாம் என்று வாயைப் பூட்டிக்கொண்டாள்.

முதல் நாள் கொடுமை. நாக்கு அரித்தது. கை தட்டை நகர்த்த, வாய் தானாக முகக்கவசத்துக்குள் திறந்து திறந்து மூடியது. சிரிப்புக்காரி சிரிக்க ஒன்றும் கிடைக்காமல், மூடி உருண்டதற்கெல்லாம் சிரித்துப் பார்த்து, கடைசியில் அதையும் நிறுத்தினாள். நெட்டையன் சுருள் மாற்ற வந்து குனிந்து, "நாய் கிடைச்சுதா? தலையை மட்டும் ஆட்டுங்கக்கா" என்றான். ரேடியோ தலையையும் ஆட்டவில்லை. ஆட்டினால் வாயும் சேர்ந்து ஆடிவிடும் என்று அவளுக்குப் பயம்.

இதில் பெரிய சோதனை என்னவென்றால், நாய் விஷயத்தின் முடிவு அவளுக்குத் தெரியும். அது அவள் வயிற்றுக்குள் கிடந்து புரண்டுகொண்டிருந்தது.

அலாரம் அடிக்கவில்லை.

இரண்டாம் நாளும் அடிக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. கதவுக்கு மேலே விளக்கு பச்சையாகவே நின்றது. ஒவ்வொரு மதியமும் அந்தப் பச்சையைப் பார்க்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது. அட்டைப்பெட்டி செக்‌ஷனுக்குப் போவதுகூடப் பெரிதில்லை. இத்தனை காலம் ஊரெல்லாம் வாயை மூடச் சொன்னபோது, அவர்களுக்குக் காது வலி, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவள் பேச்சு நிஜமாகவே ஒரு பொருளைக் கெடுக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் தன் விரலைக் குத்தி, இந்த ஸ்ட்ரிப்பை நம்பி, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யப்போகிறார். அதைப் போய் என் மூச்சு கெடுத்ததே என்று நினைத்து உண்மையிலேயே துக்கப்பட்டாள்.

அவள் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் பேசினால் சூடு ஆறாமல் அப்படியே வேலைக்குப் போய்விடுவோமோ என்று பயந்துதான் முதலில் நிறுத்தினாள். அப்புறம் மனசே இல்லாமல் போய்விட்டது. சாப்பாட்டை எடுத்து வைத்தாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள். புருஷன் முதல் நாள் ஏதோ விடுமுறை கிடைத்ததுபோல டிவி பார்த்தான். இரண்டாம் நாள் டிவி சத்தத்தைக் குறைத்தான். அடுத்த நாள் சாயங்காலம் அலமாரியைத் திறந்து தன்னுடைய சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுக்குச் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது.

"கையைக் காட்டு."

அவள் ஏன் என்பதுபோலப் பார்த்தாள்.

"எனக்குச் சர்க்கரை இறங்கினா இப்படித்தான் பேச்சு வராம உட்கார்ந்துடுவேன். உனக்கும் இறங்கியிருக்கு. கையைக் காட்டுன்னா."

லிஃப்ட் கயிற்றைக் கையாளுகிற முரட்டு விரல்களால் அவள் விரலைப் பிடித்து, ஓரமாகக் குத்தினான். நோகாமல் குத்த அவள்தான் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். ஸ்ட்ரிப் சொட்டை உறிஞ்சிக்கொண்டது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட மெஷினைப் பார்த்தார்கள். நம்பர் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றான் அவன், மெஷின் மேல் சந்தேகம் வந்தவனாக. "அப்புறம் என்ன ஆச்சு உனக்கு?"

அவள் சொன்னாள். வெகு சுருக்கமாக, நாலே வாக்கியத்தில். அவள் ஒரு விஷயத்தை நாலு வாக்கியத்தில் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அதைக் கேட்டதும்தான் அவன் நிஜமாகப் பயந்தான்.

வாரக் கடைசி நாள் வந்தது. மீட்டர் சார் தன் மேஜையில் மாற்றல் உத்தரவை எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கப் பிடிக்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சலவைக்கார அம்மா வராந்தாவில் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். பின்கட்டுச் சலவைக் கட்டடத்தில் காய்ந்த அறைக் கோட்டுகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிறவள். கொஞ்சம் சிடுமூஞ்சி. அன்றைக்குச் சிடுசிடுப்பைக் காணோம், முகம் வாடியிருந்தது.

"சார், ஒரு வார்த்தை. ஆளைக் குறைச்சுட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"மறைக்காதீங்க சார். என்னையும் நிறுத்தப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பார்த்துக்கறேன். போன வாரம் வரைக்கும் மூட்டை மூட்டையா கோட்டு வந்துச்சு, துவைச்சு மாளல. இந்த வாரம் பாருங்க, ஒரு கைப்பிடி! வண்டியைத் தள்ளிட்டு வரவே வெட்கமா இருக்கு."

மீட்டர் சார் தள்ளுவண்டியைப் பார்த்தார். அடியில் நாலைந்து கோட்டு சுருண்டு கிடந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம்போல இருந்தது.

நாலு பேர் வேலை செய்கிற அறையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கோட்டு எப்படி வரும்?

அவர் எழுந்து வராந்தா நடுவில் போய் நின்று, எல்லா செக்‌ஷன் ஆட்களையும் கூப்பிட்டார்.

உள்ளே ரேடியோ கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. படம் மட்டும் தெரிந்தது. மீட்டர் சார் ஏதோ கேட்கிறார். மெயின்டனன்ஸ்காரர் தரையைப் பார்க்கிறார். சாம்பிள் எடுக்கிற பெண் தரையைப் பார்க்கிறாள். ஸ்டோர்காரர், லேபிள் பிரிவின் இரட்டைச் சகோதரிகள், காவலாளி என்று ஒருவர் விடாமல் திருதிருவென்று முழித்துவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். அப்புறம் மீட்டர் சார் மெதுவாகத் தன்னுடைய கையையே உயர்த்துகிறார். அதைப் பார்த்து மெயின்டனன்ஸ்காரர் கை உயர்கிறது. அடுத்தது சாம்பிள் பெண். அப்புறம் ஒவ்வொரு கையாக, வராந்தா முழுக்கக் கை.

"என்னடீ இது, எல்லாரும் எதுக்கு ஓட்டுப் போடுறாங்க?" என்றாள் சிரிப்புக்காரி.

மீட்டர் சார் கண்ணாடியோரம் மாட்டியிருந்த, அறைக்குள் பேசுகிற மைக்கை எடுத்தார்.

"ரேடியோ அம்மா, ஈரம் உங்க வாயிலேருந்து வரலை. எங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. கண்ணாடிக்கு வெளிய ஒண்ணும் கேட்காது இல்லையா, அதனால ஆளாளுக்கு ஒரு சாக்கு வெச்சுக்கிட்டு கோட்டை மாட்டிட்டு உள்ள வந்திருக்கோம். இவரு எண்ணெய் பார்க்க வந்தாராம். இந்தப் பொண்ணு சாம்பிள் எடுக்க வந்துச்சாம், எடுத்த சாம்பிளையே மறுபடி எடுத்திருக்கு. நான்..." அவர் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். "நான் மீட்டர் பார்க்க வந்தேன். மீட்டர் என் மேஜையிலேயே இருக்கு. எல்லாரும் கதை கேட்கத்தான் வந்தோம்மா. நாய் காணாமப் போனதும் யாராலயும் வெளிய இருக்க முடியலை."

ரேடியோ கையில் இருந்த தட்டை மெதுவாக வைத்தாள். ஆமாம், யார் யாரோ வந்து போனார்கள்தான். வெள்ளைக் கோட்டு, தொப்பி, முகக்கவசத்துக்குள் யார் எவர் என்று அவள் பார்த்தாளா? வேலையாக வருகிறார்கள் என்றுதான் நினைத்தாள். தன் பேச்சுக்கு ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். இப்படித் தொப்பி மாட்டி, கையுறை மாட்டி, இரண்டு கதவு தாண்டி, பொய்ச் சாக்குச் சொல்லிக்கொண்டு கேட்க வந்தவர்கள் இந்த வராந்தா கொள்ளாத கூட்டமா? அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டி, முகக்கவசம் நனைந்தது.

மைக்கில் மீட்டர் சார் அலறினார். "அம்மா, அம்மா! உள்ள அழாதீங்க! வெளிய வந்து எவ்வளவு வேணாலும் அழுங்க! ஸ்ட்ரிப் திறந்து கிடக்கு!"

கத்தரி அக்காதான் அவள் தோளைப் பிடித்து முதல் கதவுக்குள் தள்ளிவிட்டாள். "போ, போய் நல்லா அழுதுட்டு வா. தட்டை நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவள் ஒரு மூச்சில் இத்தனை சொல் பேசி யாரும் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் அம்மாவும் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உயர்ந்திருந்த கைகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். அத்தனை கையும் தாழ்ந்தது. மீட்டர் சார் மாற்றல் உத்தரவை அவரே கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேனேஜர் அம்மா சொன்னது சுருக்கம்: அந்த அம்மா அவர் இடத்தில்தான் இருப்பார், உள்ளே நாலு பேருக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்; வேலை இல்லாமல் வேறு யாராவது அந்தக் கதவைத் தொட்டால் அவர்கள்தான் அட்டைப்பெட்டி செக்‌ஷன். "கதை வேணும்னா மதியம் சாப்பாட்டு ஹாலுக்குப் போங்க. அங்க எவ்வளவு ஈரம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவர் தலை மறைந்ததும் ஸ்டோர்காரர் தாங்க முடியாமல் கேட்டார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாய் கிடைச்சுதா, இல்லையா?"

கோட்டைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்ற ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "கிடைக்காம என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து தெருத் தெருவா 'நீங்க இந்தப் பக்கம் போங்க', 'நீ அந்தப் பக்கம் பாரு'ன்னு பேசிக்கிட்டே தேடியிருக்காங்க. வீட்டுக்கு வந்தா நாய் வாசல்ல உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்ததும் ரெண்டு பேருக்கும் வெட்கமாப் போச்சு. அவர் நாய்கிட்ட சொல்றார், 'உங்க அம்மா கால் வலிக்குதான்னு கேளு'ன்னு. இப்பவும் நாய் மூலமாத்தான் பேசுறாங்க. ஆனா நாயைக் கூப்பிடாமலே பேசுறாங்க. நாய் ஒரு மூலையில தூங்குது, இவங்க பாட்டுக்கு 'அவர்கிட்ட சொல்லு, அவகிட்ட சொல்லு'ன்னு!"

வராந்தா சிரித்தது. கண்ணாடிக்கு உள்ளே இருந்த மூன்று பேரும், ஒன்றும் கேட்காமலே, கூட்டம் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். மணி அடிக்க, எல்லாரும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பாட்டு ஹாலைப் பார்த்து நடந்தார்கள்.

தள்ளுவண்டியைப் பிடித்தபடி சலவைக்கார அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பழைய சிடுசிடுப்பு திரும்பியிருந்தது.

"எல்லாரும் சிரிக்கிறீங்க. எந்த நாயி, யாரு அந்த ஆளு, எனக்கு ஒரு எழவும் புரியலை. இவங்க கதை கேட்கப் போட்ட கோட்டெல்லாம் நான்தானே துவைச்சேன்? கை தேயத் துவைச்சேன். ஒருத்தரும் எனக்கு ஒரு வரி சொல்லலையே." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீயாவது சொல்லு. முதல்லேருந்து சொல்லு."

ரேடியோ அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சில் எல்லாரும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவர்கள், நடுவிலேயே கழன்று போனவர்கள். முதலிலிருந்து சொல்லு என்று இதுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தள்ளுவண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"எங்க மாடிவீட்டுல ஒரு சர்வேயர் இருக்கார்..." என்று ஆரம்பித்தாள்.

வண்டி காலியாக இருந்ததால் லேசாக உருண்டது. சலவைக் கட்டடம் சீக்கிரமே வந்துவிட்டது. கதை அப்போதுதான் சண்டையில் இருந்தது. சலவைக்கார அம்மா கதவைக் கண்டும் காணாததுபோல வண்டியைத் திருப்பினாள். இரண்டு பேரும் தொழிற்சாலையை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு போனார்கள்.